தொட்டிலோடு முடியும் கணக்கு

பிள்ளைப்பேறின்றி வருந்தும் தம்பதியரை நோக்கி, 'நூற்றுக்கு இத்தனை வெற்றி' என்று சுவரெங்கும் விளம்பரம் செய்கின்றன கருத்தரிப்பு மையங்கள். அவற்றின் அகராதியில் வெற்றி என்பது கர்ப்பம், மிஞ்சினால் பிரசவம். அப்படிப் பிறந்த பிள்ளை பன்னிரண்டு வயதில் எப்படி இருக்கிறது, நாற்பது வயதில் எப்படி இருக்கும் என்பது எந்தச் சுவரிலும் காணப்படுவதில்லை. இந்தக் கணக்கு அரைக்கணக்கு என்கிறோம்.

1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் லூயிஸ் பிரௌன் பிறந்தார். சோதனைக்குழாய் முறையில் பிறந்தோருள் மூத்தவரான அவரே இன்னும் ஐம்பதை எட்டவில்லை. நீரிழிவும் இதயநோயும் தலைகாட்டும் பருவத்தில் முதல் தலைமுறை இப்போதுதான் கால்வைக்கிறது. 'யாதொரு பாதிப்பும் இல்லை' என்று அறுதியிட்டுரைக்க எவருக்கு உரிமை உண்டு?

2008இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், இம்முறையில் பிறந்த 8 முதல் 18 வயது வரையிலான 225 பேரை ஆராய்ந்தனர். ஒப்பீட்டுக்கு அவர்கள் தெரிந்தெடுத்தது, கருத்தரிக்க இடர்ப்பட்ட பெற்றோருக்கே இயல்பாகப் பிறந்த பிள்ளைகளை. குறை பெற்றோரின் உடலிலா, கையாண்ட முறையிலா என்று பிரித்தறிய வேறு வழி ஏது? மேல் இரத்த அழுத்தம் சராசரியாக 109, மற்றவர்க்கு 105. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சற்றே கூடுதல். நோயென்று சொல்லும் அளவன்று; ஆயினும் திசை தெரிகிறது. 2018இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வில், இவ்வாறு பிறந்த இளையோர் 52 பேரில் 8 பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. ஏனையோர் 43 பேரில் ஒருவருக்கே இருந்தது.

நம்மை அதிகம் சிந்திக்க வைப்பது மற்றொன்று. ஆய்வகத்தில் கரு சில நாட்கள் ஒரு நீர்மத்தில் வளர்கிறது. நெதர்லாந்திலேயே எண்ணூறுக்கு மேற்பட்ட தம்பதியரிடம் இரு வகை நீர்மங்களைச் சோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டனர். ஒன்றில் கருத்தரிப்பு மிகுதியாக நிகழ்ந்தது; ஆனால் அதில் வளர்ந்து பிறந்த குழந்தைகளின் எடை சராசரியாக 158 கிராம் குறைவாயிருந்தது! விளம்பரத்தின் பார்வையில் எது வென்றது? குழந்தையின் பார்வையில்? பிறப்பெடை குறைந்தோருக்குப் பிற்காலத்தில் இதயநோயும் நீரிழிவும் வரும் வாய்ப்பு மிகுதி என்பதை இங்கிலாந்து மருத்துவர் டேவிட் பார்க்கர் 1980களிலிருந்தே எடுத்துக்காட்டி வந்தார். இத்தனைக்கும், அந்நீர்மங்களில் எது எவ்வளவு கலந்துள்ளது என்பதை உற்பத்தியாளர்கள் முழுமையாக வெளியிடுவதில்லை. ஊறுகாய்ப் புட்டியின்மேல் கூட உட்பொருள்களின் பட்டியல் இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மறைத்தால் நாமும் விளம்பரக்காரரே. 2023இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு 35,000க்கும் மேற்பட்டோரைத் தொகுத்துப் பார்த்து, பெரிய வேறுபாடு இல்லை என்றது. ஆறுதலான செய்திதான். எனினும் அவர்களுள் இம்முறையில் பிறந்தோர் 654 பேரே. அவர்களும் இளம்பருவத்தைத் தாண்டாதவர்கள். இளைஞரானபோது மேல் இரத்த அழுத்தம் சிறிது உயர்ந்திருக்கலாம் என்ற குறிப்பும் அதில் உண்டு.

இந்த எண்களைக் கண்டதும், 'பார்த்தீர்களா, திருச்சபை அன்றே சொன்னது' என்று துள்ளுவோர் நம்மிடையே உண்டு. 1987இல் வெளியான 'தோனும் வீத்தே' அறிவுரை இரத்த அழுத்தத்தை நம்பி எழுதப்பட்டதன்று. நாளையே குறையற்ற நீர்மம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டாலும் திருச்சபையின் மறுப்பு அப்படியே நிற்கும். எவ்வழியில் வந்த குழந்தையையும் இறைவனின் கொடையாக ஏற்க வேண்டும் என்று சொல்வதும் அதே அறிவுரைதான். திருமுழுக்குத் தொட்டியருகே நிற்கும் பிள்ளையைக் காட்டி, 'அது அப்படிப் பிறந்தது' என்று முணுமுணுப்பவர்கள் இதை வாசித்ததில்லை போலும்.

2021ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் தேசியப் பதிவேட்டை ஏற்படுத்தியது; மையங்கள் தம் ஆவணங்களைப் பத்தாண்டு காத்து, பின் அதனிடம் ஒப்படைக்க வேண்டும். நல்லதே. ஆனால் பத்து வயதில் எந்தப் பிள்ளைக்கு மாரடைப்பு வருகிறது? எந்த நீர்மத்தில் வளர்ந்தது, எத்தனை கருக்கள் வைக்கப்பட்டன, உறையவைத்த கருவா அல்லவா என்பவற்றை எழுதி, பிரசவத்தன்றே பெற்றோர் கையில் கொடுக்கட்டும். ஆண்டுக்கொருமுறை அப்பிள்ளையின் இரத்த அழுத்தத்தை அளக்கும் செலவையும், இலட்சங்களில் கட்டணம் பெற்ற மையமே ஏற்கட்டும்.