தையலோடு தீர்ந்ததா கடமை?

“தைத்தாயிற்று, முகம் சீராயிற்று, இனி என்ன குறை?” என்று கேட்போர் உளர். பிளந்த உதட்டோடு பிறந்த மகவுக்கு அறுவை மருத்துவம் நடந்தேறியதும் உற்றார் மகிழ்கின்றனர், ஊரார் வாழ்த்துகின்றனர், முன்னர் ஒரு படம், பின்னர் ஒரு படம் எடுக்கப்படுகிறது, பதிவேடு மூடப்படுகிறது. அந்த மகிழ்ச்சி நியாயமானதே. வடநாட்டுச் சிற்றூர்ச் சிறுமி பிங்கியின் உதடு தைக்கப்பட்ட கதையைக் கூறிய ‘ஸ்மைல் பிங்கி’ என்னும் ஆவணப்படம் 2009ஆம் ஆண்டில் ஆஸ்கார் பரிசு பெற்றபோது, உலகமே கைதட்டிற்று. ஆயினும், தோழர்களே, கைதட்டல் ஓய்ந்த பின்னர் அத்தகைய குழந்தைகளின் வாயைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்?

பார்த்தால் மறுபாதிக் கதை தெரியும். மேல்வரிசையில் நடுப்பல்லுக்கு அடுத்து நிற்க வேண்டிய பல், சில குழந்தைகளுக்கு முளைப்பதே இல்லை. சிலருக்கு ஆணிபோல் கூம்பி நிற்கிறது. சிலருக்கு ஒன்றுக்கு இரண்டாய் முளைக்கிறது. பாற்பற்களில் மிகையாய் இருந்த இடம், நிலைப்பற்கள் முளைக்கும் வயதில் வெறுமையாய்ப் போவதும் உண்டு. பிளவை ஒட்டிய முன்பல் திரும்பிக் கோணுகிறது. அதன் மேற்பூச்சான எனாமல் மெலிந்து, திட்டும் குழியுமாய் இருக்கிறது. முளைக்கும் காலமும் தாழ்கிறது.

ஏன் இவ்வாறு? கருவின் ஆறாம் வாரமளவில் மேலுதட்டின் பகுதிகள் இணைகின்றன. பற்களின் முளை தோன்றத் தொடங்குவதும் அக்காலத்தில்தான், அண்டை இடத்தில்தான். அங்கே இணைப்புத் தவறினால், உதட்டோடு பல்லும் தவறுகிறது. ஏறத்தாழ ஆயிரம் பிறப்புக்கு ஒன்று என்ற அளவில் நேரும் இந்தப் பிளவுக்கு மரபுக்கூறு, கருவுற்றவளின் சத்துக்குறைவு, புகையிலைப் புகை, நெருங்கிய உறவில் மணம் எனக் காரணங்கள் பலவற்றை ஆய்வாளர் சுட்டுகின்றனர். கிரகணம் அந்தப் பட்டியலில் இல்லை!

இருந்தும் நம் ஊர்களில் பழி யார்மீது விழுகிறது? கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்று தாய்மீது விழுகிறது. குழந்தைக்கு ‘மூளி’ என்று பட்டம் கிடைக்கிறது. மேற்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று பேசும் வீட்டில், வரிசை மாறி முளைக்கும் பல்லைக் கண்டால் என்ன பேசுவார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? வானத்து நிழலுக்கும் வயிற்றுப் பிள்ளையின் பல்லுக்கும் முடிச்சுப் போடும் பேதைமை, தாயைக் கூனிக் குறுக வைக்கிறது. குழந்தையை வீட்டுக்குள் ஒளித்து வைக்கிறது. ஒளித்து வைத்த குழந்தையை எந்த மருத்துவர் காண்பார்?

பல் கோணினால் அழகுதானே குறையும் என்று எண்ணிவிடாதீர். கோணிய பற்களிடையே உணவு தங்குகிறது; மெலிந்த எனாமலைச் சொத்தை எளிதில் அரிக்கிறது; தைத்த உதடு இறுகியிருப்பதால், அவ்விடத்தில் துலக்கத் தாய் அஞ்சுகிறாள். பாற்பல் விழத்தானே போகிறது என்று விட்டுவிட்டால், சொத்தை வலியில் சோறு இறங்குவதில்லை. பல்லை இழந்த தாடை மேலும் குறுகுகிறது. மொழிக்கும் கேடு சூழ்கிறது. பேச்சொலி பிறக்கும் உறுப்புகளாக உதடு, அண்ணம், மூக்கு, பல் ஆகியவற்றைத் தொல்காப்பியம் அன்றே எண்ணி வைத்தது. இந்தப் பிளவு அந்நான்கையும் தாக்குகிறது. ‘தமிழ்’ என்னும் சொல்லின் முதல் எழுத்தே நா பல்லைத் தொட்டாலன்றிப் பிறவாது. தன் மொழியின் பெயரைத் திருத்தமாகச் சொல்ல ஒரு குழந்தை திணறுமானால், அது அழகுப் பிரச்சினையா, உரிமைப் பிரச்சினையா?

ஆகவேதான் இந்த மருத்துவம் ஒருநாள் வேலையன்று. பதினெட்டு ஆண்டுப் பயணம். பிறந்ததும் பாலாடையால் நிமிர்த்திப் பிடித்துப் பால் புகட்டுவதில் தொடங்குகிறது அது. மூன்று மாத அளவில் உதடு. ஒன்றரை வயதுக்குள் அண்ணம். முதற்பல் முளைத்தவுடன் பல் மருத்துவர். பிறகு காதுச் சோதனை, பேச்சுப் பயிற்சி. 8 முதல் 11 வயதுக்குள், கோரைப்பல் இறங்குமுன், இடுப்பெலும்பின் துணுக்கை எடுத்து ஈற்றெலும்பின் பிளவை நிரப்புதல். அதன்பின் பல்வரிசை சீராக்கல். பருவம் தவறிய பயிர் போன்றதே பருவம் தவறிய பல்லும்.

இத்தனை முறை வருவது யாரால் இயலும்? பாபநாசம் தொடங்கிப் பொருநை பாயும் அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி வயல்களில் நாற்று நடுகிறவளால் இயலுமா? முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவளால் இயலுமா? மடியிலிருந்து தட்டை இறக்கி வைத்துவிட்டு ஹைகிரவுண்டு மருத்துவமனைக்குப் பேருந்து ஏறினால், அன்றைய கூலி போயிற்று. இன்று பல், அடுத்த வாரம் காது, அதற்கடுத்த வாரம் பேச்சு என்று மூன்று நாள் அலைய நேர்ந்தால், நான்காம் நாள் அவள் வரமாட்டாள். வராதவளை அறியாதவள் என்று ஏசுவது எளிது. வரும் வழியை எளிதாக்குவதே அரசின் கடமை.

திட்டமே இல்லை என்று நாம் கூறவில்லை. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்கிரமம், பிறப்பு முதல் 18 வயது வரை 30 வகைக் குறைகளைக் கண்டறிய வகை செய்திருக்கிறது. அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் மருத்துவக் குழு செல்லவேண்டும் என்பது அதன் விதி. உதடு அண்ணப் பிளவும் பட்டியலில் உண்டு. பல் நோயும் உண்டு. ஆனால் பட்டியலில் அவை தனித்தனி வரிகள். குழந்தைக்கோ இரண்டும் ஒரே வாய்! இரு வரிகளையும் இணைப்பதே நம் கோரிக்கை.

இணைக்க முடியுமா என்று ஐயுறுவோர் பிரிட்டனைப் பார்க்கட்டும். அங்கே இந்த மருத்துவம் 57 இடங்களில் சிதறிக் கிடந்தது. 5 வயது, 12 வயதுப் பிள்ளைகளைச் சோதித்த ஆய்வுக்குழு, தாடை வளர்ச்சியும் பல் நலமும் திருப்தியாக இல்லை என்று 1998இல் வெளிப்படையாக உரைத்தது. அதன்பின் அறுவை மருத்துவர், பல் மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர் ஒன்றுகூடிப் பார்க்கும் சில நடுவங்களாக அவை ஒருங்கிணைக்கப்பட்டன. செல்வ நாடே தன் குறையை ஒப்பித் திருத்திக்கொண்டது, நமக்கென்ன தயக்கம்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே செவி கேளாக் குழந்தைகளுக்குப் பள்ளி கண்டது பாளையங்கோட்டை. 1965இல் மருத்துவக் கல்லூரி பெற்றது நெல்லை. இந்த மண்ணுக்கு இது இயலாத காரியமன்று.

நாம் கேட்பவை மூன்று. பிளவோடு பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் 18 வயது வரை மூடப்படாத ஒரே பதிவேடு வேண்டும். பல், காது, பேச்சு ஆகிய மூன்றையும் ஒரே நாளில், ஒரே கூரையின்கீழ்ப் பார்க்கும் ஏற்பாடு மாவட்ட மருத்துவமனையில் வேண்டும். உடன்வரும் தாய்க்குப் பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும் வேண்டும்.

அரசு செய்யும்வரை கைகட்டி இருப்பதா? ஒவ்வொரு கிளைத் தோழரும் தம் ஊரில் இத்தகைய குழந்தை உண்டா என்று கேட்டறிக. ஒளித்து வைத்திருந்தால், வெளியே அழைத்து வருக. மிகைப்பல்லைக் கண்ட இடத்தில் பிடுங்கிவிட வேண்டாம், பிளவை அறிந்த மருத்துவரைக் கேட்டபின் முடிவு செய்யலாம் என்று சொல்லுக. பல்லை அவசரப்பட்டு எடுத்தால், அதைத் தாங்கும் எலும்பும் தேயக்கூடும். மெல்லிய தூரிகையால் பல் துலக்கத் தாய்க்குத் துணிவு தருக. இரவில் சர்க்கரைப் பால் புட்டியோடு குழந்தையை உறங்க விடலாகாது என்று எடுத்துரைக்க. ‘மூளி’ என்று அழைப்பவரை அந்த இடத்திலேயே தடுத்து நிறுத்துக.

உதட்டை இணைத்தது மருத்துவரின் கை. அந்த வாய் உண்ணவும், பேசவும், கூசாமல் சிரிக்கவும் வழி செய்யவேண்டியது சமுதாயத்தின் கை. அந்தக் கை நீளட்டும்!