கொழுந்து பறிப்பவர்களின் உரிமை

மூணாறு தேயிலைத் தோட்டங்களில் போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து, 2015 செப்டம்பரில் பெண் தொழிலாளர்கள் சாலையை மறித்தார்கள். பெரும்பாலும் தமிழர்களான அவர்கள், தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டு, ‘பெம்பிளை ஒருமை’ என்று தாங்களே திரண்டு, போனஸும் கருணைத்தொகையுமாக 20 சதவீதம் பெற்றார்கள்.

ஆனால், கூலிக்கான போராட்டம் அவ்வளவு எளிதில் முடியவில்லை. 232 ரூபாய் நாள் கூலியை 500 ஆக்கக் கேட்டார்கள், கிடைத்தது 301. கூடவே, பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவு 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக ஏற்றப்பட்டது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறிப்பது நியாயமா?

அட்டைக்கடியோடு சரிவில் நாள் முழுக்க நின்று பறிக்கும் பெண்ணுக்கு ஒதுங்க ஒரு மறைவிடம்கூட இல்லை என்பது பெருங்கொடுமை. கழிப்பறை, மருத்துவம், வீடு, பிள்ளைக் காப்பகம் ஆகியவற்றை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே நிர்வாகத்தின் கடமையாக்கியது. இருந்தும், வேலை போனால் தோட்ட நிர்வாகம் தந்த லயத்து வீடும் போகும் என்ற அச்சமே பல பெண்களின் வாயை அடைக்கிறது.

தொழிலாளர் துறை முன்னறிவிப்பின்றி மலையேறிச் சோதிக்க வேண்டும். கொழுந்தின் எடையைப் பறித்தவரின் கண்முன்னே பதிய வேண்டும். பாலியல் புகார்க் குழு ஒவ்வொரு தோட்டத்திலும் செயல்பட வேண்டும். கூலிப் பேச்சுவார்த்தையில் பெண்களுக்குச் சரிபாதி இடம் வேண்டும். ஓய்வுபெறும் தொழிலாளிக்குச் சொந்த வீட்டுமனை தருவது அரசின் பொறுப்பு. இவை சலுகைகள் அல்ல, உழைத்தவர்களுக்குச் சேர வேண்டியவை.