வீடே பள்ளிக்கூடம் ஆகுமா?

கோடை வந்துவிட்டால் தென்காசிச் சீமையில் ஒரு வேடிக்கை நடக்கும்.

சித்திரையிலும் வைகாசியிலும் வெயில் கொளுத்தும். குற்றாலத்து அருவிகளில் தண்ணீர் நூல் போல இறங்கும். சில வருடம் வெறும் பாறைதான் தெரியும். அந்த நேரத்தில்தான் பிள்ளைகளுக்கு விடுமுறை!

ஜூன் மாதம் வரும். ஆரியங்காவுக் கணவாய் வழியே குளிர்ந்த காற்று வீசும். சாரல் தூவும். அருவி கொட்டத் தொடங்கும். அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடம் திறப்பார்கள்!

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கிறது மேலகரம். வெளியூர்க்காரர்கள் பஸ் ஏறி வந்து அருவியில் குளிக்கிறார்கள். மேலகரத்துப் பிள்ளையோ புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போகிறது.

"வீட்டிலேயே படித்தால் என்ன?" என்று பிள்ளைகள் கேட்பது உண்டு. அது விளையாட்டுக் கேள்வி. ஆனால் கொரோனாவுக்குப் பிறகு பெற்றோர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அவர்கள் விளையாட்டாகக் கேட்கவில்லை.

வீட்டுக் கல்வி நல்லதா? அதற்குச் சட்டத்தில் இடம் உண்டா? பிள்ளையின் எதிர்காலம் என்ன ஆகும்? பார்ப்போம்.

ஆச்சி வீட்டுப் படிப்பு

பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல், தாய் தகப்பனே பாடம் சொல்லிக் கொடுப்பதுதான் வீட்டுக் கல்வி. பெரிய நகரங்களில் படித்த குடும்பங்கள் சில இப்படிச் செய்கின்றன. கிராமத்தில் இது புதிய பேச்சு.

பேச்சுதான் புதியது. காரியம் பழையது. கோடை விடுமுறையில் ஒவ்வொரு ஆச்சி வீடும் பள்ளிக்கூடம்தான்!

இன்றைக்குத் தமிழ்நாட்டில் பெரிய குடும்பங்கள் குறைந்துவிட்டன. ஒரு தாய்க்குச் சராசரி 2 பிள்ளைகள்கூட இல்லை என்று 2019-21-ல் எடுத்த குடும்பநலக் கணக்கு சொல்கிறது. ஆனாலும் மே மாதத்தில் சித்தி பிள்ளைகள், மாமா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் எல்லோரும் ஆச்சி வீட்டில் கூடிவிடுகிறார்கள். ஒரே வீட்டில் ஆறு, ஏழு பிள்ளைகள்!

அப்படி ஒரு வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகும்?

விடியற்காலையில் மொட்டை மாடியில் வற்றல் போடுவார்கள். அரிசி மாவு எத்தனை படி, உப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பெரிய பெண் அளந்து கொடுக்கிறாள். அது கணக்குப் பாடம். ஒரு வரிசையில் பன்னிரண்டு வற்றல், எட்டு வரிசை, மொத்தம் எத்தனை? சின்னவன் விரல் விட்டு எண்ணுகிறான். அது வாய்ப்பாடு. காக்கையை விரட்ட ஒருவன் கம்போடு உட்காருகிறான். அது பொறுப்பு!

வெயில் ஏறுவதற்குள் பழைய சோறும் மோரும் சாப்பிட்டாகிவிடும். உச்சி வேளையில் யாரும் வெளியே போகக் கூடாது. அப்போது தாத்தாவுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்ட வேண்டும். எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி எது?

மாலையில் நுங்கு வாங்கப் போனால் காசுக் கணக்கு. நுங்கைத் தின்றபின் அதன் கூந்தல் வண்டிச் சக்கரம் ஆகிறது. இரவில் கதை. நடுநடுவே சண்டை. அழுகை. சமாதானம்.

இதையெல்லாம் படிப்பு என்று யாரும் எழுதி வைப்பது இல்லை. ஆனாலும் படிப்புதான்.

சீமைக்குப் போன வித்தை

பெரிய குடும்பத்தில் ஒரு வசதி உண்டு. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும். தாய் ஒருத்தியே ஆறு பேருக்கும் மல்லுக்கட்ட வேண்டியது இல்லை.

இது நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நடந்த பழக்கம். சட்டாம்பிள்ளை என்று ஒரு பெரிய மாணவன் இருப்பான். அவன் சின்னப் பிள்ளைகளை மணலில் எழுத வைப்பான், பாடம் கேட்பான்.

1790 வாக்கில் சென்னையில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளி ஒன்றை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் நடத்திவந்தார். நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதை அவர் பார்த்தார். அந்த முறையைத் தம் பள்ளியிலும் கொண்டுவந்தார். மூத்த மாணவர்களை இளைய மாணவர்களுக்குப் பாடம் சொல்ல வைத்தார். 1797-ல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட்டார். இங்கிலாந்துப் பள்ளிகள் பல இதைப் பின்பற்றின. அங்கே அதற்கு என்ன பெயர் தெரியுமா? "மெட்ராஸ் முறை"!

மேலகரத்துக்கும் ஒரு பெருமை உண்டு. "குற்றாலக் குறவஞ்சி" பாடிய திரிகூட ராசப்பக் கவிராயர் பிறந்தது இந்த ஊரில்தான். அவர் காலம் 18-ம் நூற்றாண்டு. அன்று வகுப்பு இல்லை. மணி அடிப்பது இல்லை. பரீட்சைத் தாள் இல்லை. ஆனாலும் தமிழ் தழைத்தது.

அப்படியானால் பள்ளிக்கூடம் எதற்கு என்று கேட்கலாம். அங்கேதான் கவனம் வேண்டும்.

அந்தக் காலத்தில் படித்தவர்கள் எத்தனை பேர்? சில வீட்டுப் பிள்ளைகள்தான். பெண்பிள்ளைகள் மிகக் குறைவு. உழுகிறவன் மகனுக்கும் கூலிக்காரன் மகளுக்கும் ஏடு எட்டாத பொருள். 1951-ல் இந்தியாவில் 100 பேரில் 18 பேருக்குத்தான் எழுத்து தெரியும். பெண்களில் 100-க்கு 9 பேர்! 2011-ல் அது 100-க்கு 73 பேர் என்று உயர்ந்தது. ஊர்தோறும் திறந்த பள்ளிக்கூடங்களே அதற்குக் காரணம்.

கொரோனா காட்டிய பாடம்

2020 மார்ச் மாதம் பள்ளிகளை மூடினார்கள். தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரை உள்ள வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதி. ஒன்றரை வருடத்துக்கு மேல் எல்லா வீடும் பள்ளிக்கூடம் ஆயிற்று!

என்ன நடந்தது? செல்போன் இருந்த வீட்டில் பிள்ளை படித்தது. படித்த தாய் இருந்த வீட்டில் பிள்ளை படித்தது. இரண்டும் இல்லாத வீட்டில் பிள்ளை கற்றதையும் மறந்தது.

இதைச் சரிசெய்ய 2021 அக்டோபர் 27-ந் தேதி "இல்லம் தேடிக் கல்வி" என்ற திட்டத்தை அரசாங்கம் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கியது. ஊரில் உள்ள படித்த பெண்களும் இளைஞர்களும் மாலை நேரத்தில் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடம் சொன்னார்கள்.

தென்காசிச் சீமையிலும் ஒரு முயற்சி நடந்தது. ஜோஹோ கம்ப்யூட்டர் கம்பெனியை நிறுவிய ஸ்ரீதர் வேம்பு, தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் குடியேறி இருந்தார். கொரோனா காலத்தில் மூன்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆரம்பித்தார். சில மாதங்களில் ஐம்பது பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள்! தனியாக ஆசிரியர்களை வைக்க வேண்டி வந்தது. பிள்ளைகளுக்குச் சாப்பாடும் போட்டார்கள். பசியோடு வருகிற பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது அங்கே கண்ட உண்மை. பிறகு கோவிந்தப்பேரியில் அது "கலைவாணி கல்வி மையம்" என்று வளர்ந்தது.

இதில் ஒரு செய்தி இருக்கிறது. திண்ணையில் தொடங்கிய படிப்பு, பிள்ளைகள் கூடியதும் ஆசிரியரைத் தேடியது, அடுப்பைத் தேடியது, கட்டடத்தைத் தேடியது. கடைசியில் பள்ளிக்கூடமாகவே ஆனது!

சட்டம் என்ன சொல்கிறது?

6 வயது முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வி தர வேண்டும் என்று 2009-ல் மத்திய அரசாங்கம் சட்டம் செய்தது. 2010 ஏப்ரல் 1-ந் தேதி அது அமுலுக்கு வந்தது.

"கட்டாயக் கல்வி" என்று அதற்குப் பெயர். இந்தக் கட்டாயம் முதலில் அரசாங்கத்துக்குத்தான். பள்ளி அமைக்க வேண்டியதும், பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதும் அதன் கடமை. பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை எதுவும் இல்லை.

வீட்டுக் கல்வி என்ற சொல்லே அந்தச் சட்டத்தில் கிடையாது. அனுமதி என்றும் இல்லை. தடை என்றும் இல்லை.

மற்ற நாடுகளில் எப்படி? அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி செல்லும். ஜெர்மனியில் செல்லாது. பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டால் அபராதம்! நம் நாடு இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

பரீட்சைக்கு வழி

வீட்டில் படித்த பிள்ளைக்குச் சான்றிதழ் யார் தருவார்கள்?

வழி இருக்கிறது. 12½ வயது நிரம்பிய பிள்ளை தமிழ்நாட்டில் 8-ம் வகுப்புப் பரீட்சையைத் தனித்தேர்வராக எழுதலாம். மத்திய அரசாங்கம் 1989-ல் தொடங்கிய தேசிய திறந்தநிலைப் பள்ளியும் உண்டு. 14 வயது ஆனால் அதில் 10-ம் வகுப்புக்குச் சேரலாம். வருடத்துக்கு இரண்டு முறை பரீட்சை நடக்கும்.

ஆனால் வழியில் முள்ளும் உண்டு. திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் டாக்டர் படிப்புக்கான நீட் தேர்வை எழுத முடியாது என்று 2018-ல் விதி வந்தது. டில்லி உயர்நீதிமன்றம் அதே வருடம் அதை ரத்து செய்தது. பிள்ளைகள் தப்பினார்கள். ஆனாலும் கோர்ட்டு ஏறித்தான் தப்பினார்கள்! எந்தக் கல்லூரிக்கு, எந்த வேலைக்கு எந்தச் சான்றிதழ் செல்லும் என்பதை முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

கைவிட்டுப் போவது என்ன?

ஏழை எளிய குடும்பங்கள் இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

அரசாங்கப் பள்ளியில் மதியம் சோறு உண்டு. காமராஜர் காலத்தில் விரிந்து, 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக வளர்ந்த திட்டம் அது. 2022-ல் தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் வந்தது. புத்தகம், சீருடை, பஸ் பாஸ் எல்லாம் இலவசம். வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு இவை இல்லை.

6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசாங்கப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 சதவீத இடம் என்று 2020-ல் சட்டம் வந்தது. அதே வகுப்புகளை அரசாங்கப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-ல் வந்தது. நடுவில் சில வருடம் பள்ளியை விட்டால் இந்த வாசல்கள் அடைபடும். பிறகு வருந்திப் பயன் இல்லை.

பெண்பிள்ளையின் நிலையையும் நினைக்க வேண்டும். வீட்டில் இருக்கிற மூத்த பெண் படிப்பாளா, தொட்டில் ஆட்டுவாளா? "பாப்பாவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்" என்பதில் தொடங்கி, அடுப்படியில் போய் முடியும். தம்பிக்குப் புத்தகம், அக்காளுக்கு விளக்குமாறு என்றால் அது வீட்டுக் கல்வி அல்ல, வீட்டு வேலை! பள்ளிக்கூடம் அவளுக்கு ஐந்தாறு மணி நேரம் விடுதலை தருகிறது.

தாயின் நிலையும் அப்படித்தான். சமையல், துணி, தண்ணீர் எல்லாவற்றோடும் வாத்தியார் வேலையும் அவள் தலையில் விழும். தகப்பன் பங்கு என்ன என்று முதலில் பேசி முடிக்காத வீட்டில் இது நடக்காது.

தண்ணீர் எச்சரிக்கை

கோடையில் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பெரியவர் கண் அவர்கள் மேல் இருக்க வேண்டும். 2024 மே 17-ந் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்தது. குளிக்க வந்த 17 வயதுப் பையன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். கீழே வெயில் அடித்தாலும் மலைமேல் மழை பெய்யும். பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைக் கட்டாயம் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இரண்டும் வேண்டும்

கூட்டிக் கழித்துப் பார்த்தால் விஷயம் விளங்குகிறது.

படித்த தாய் தகப்பன், போதிய வருமானம், நிறைய நேரம், பொறுமை ஆகிய நான்கும் உள்ள வீட்டில் வீட்டுக் கல்வி நடக்கலாம். ஒன்று குறைந்தாலும் நஷ்டம் பிள்ளைக்குத்தான். நான்கும் உள்ள வீடுகள் எத்தனை?

மற்ற வீடுகளுக்குப் பள்ளிக்கூடமே துணை. அதற்காக வீட்டுப் படிப்பை விட்டுவிடவும் வேண்டாம். தினம் அரைமணி நேரம் போதும். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டட்டும். கடைக் கணக்கைப் பிள்ளை எழுதட்டும். எழுத்து தெரியாத ஆச்சிக்குப் பேத்தி கையெழுத்துப் போடக் கற்றுக் கொடுக்கட்டும். அதற்குச் செலவு இல்லை, சட்டமும் வேண்டாம்.

சாரல் காலத்தில் ஒரு சனிக்கிழமை எல்லோருமாக அருவிக்குப் போய் வரலாம். திங்கட்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியதுதான்!