சாட்சி சொல்ல யார் வருவார்?

இவ்வாண்டு மலருக்கு அகத்திணை பற்றி ஒரு கட்டுரை வரைந்து தருமாறு எம் ஆசிரியர் பணித்தனர். யாமும் மகிழ்ந்து தொடங்கினோம். கைக்கிளைக்கும் பெருந்திணைக்கும் வந்தபோது எழுதுகோல் நின்றது. மறுமொழி கிடையாத இடத்தும் தானே பேசித் தானே மகிழ்பவன் ஒருவன். பனைமடலாற் செய்த குதிரையூர்ந்து, அவள் உருவெழுதிய கிழியைக் கையிலேந்தி, ஊர் நாப்பண் நின்று, இணங்கும்வரை அகலேன் என்பவன் மற்றொருவன். தொல்காப்பியர் இவ்விருவரையும் அன்பின் ஐந்திணைக்குள் அமரவிடவில்லை. மடலேறுவேன் என்று வாயாற் சொல்லுதல்வரை ஐந்திணைக்கண் இடந்தந்து, ஏறிவிட்டவனைப் பெருந்திணையில் ஒதுக்கிய அவர்தம் நுட்பம் வியத்தற்குரியது. சொல்லுக்கும் செயலுக்கும் இடையே கோடு கிழித்த அறிவு அது. இதனை எழுதிக்கொண்டிருந்த நாளில்தான் எம்முடன் பயிலும் தோழி ஒருத்தி காவல் நிலையத்துக்குச் சென்று வந்தாள். அதன்பின் எமக்கு இலக்கியம் எழுத ஓடவில்லை. ஆசிரியர் பொறுத்தருளுவாராக.

பின்தொடர்தல் என்னும் குற்றம் நம் நாட்டுச் சட்டத்தில் தனிப்பெயர் பெற்றது 2013ஆம் ஆண்டில்தான். 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் நிகழ்ந்த கொடுமைக்குப்பின், நீதிபதி ஜே. எஸ். வர்மா தலைமையில் அமைந்த குழு அறிக்கையளித்தது. அடுத்த ஆண்டே இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354-டி என்னும் பிரிவு சேர்ந்தது. 2024 ஜூலை முதல்நாள் தொட்டு அதுவே பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவாக நிற்கின்றது. ஒரு பெண் தனக்கு விருப்பமில்லை என்பதைத் தெளிவாகக் காட்டியபின்னும் மீண்டும் மீண்டும் அவளைத் தொடர்வதும், உறவுகொள்ள முயல்வதும், அவள் இணையத்திலும் மின்னஞ்சலிலும் செய்வனவற்றை வேவு பார்ப்பதும் குற்றம் என்பது அதன் சாரம். முதன்முறை மூன்றாண்டு வரையும், மறுமுறை ஐந்தாண்டு வரையும் சிறை விதிக்கலாம்.

அதற்கு முன்னர் என்ன இருந்தது? தமிழ்நாட்டில் 1998இல் ஒரு சட்டம் வந்தது. அவ்வாண்டு ஜூலைத் திங்களில், சென்னையிற் கல்லூரி மாணவி ஒருத்தி ஆட்டோவில் வந்த இளைஞர்களின் அட்டகாசத்துக்கு இரையாகி உயிர்நீத்தாள், நாடு பதறிற்று, சட்டம் பிறந்தது. அதற்கு முதலில் இட்ட பெயர் ‘ஈவ் டீசிங்’ தடைச்சட்டம். ஈவ் என்பாள் நம் வேதாகமத்து ஏவாளேயன்றி வேறல்லள். குற்றம் செய்தவன் பெயர் எங்கும் இல்லை. ஆதியில் கனியைப் பறித்தவள் என்று உலகம் பழிசுமத்தும் பெண்ணின் பெயரே குற்றத்துக்குத் தலைப்பாயிற்று! போதாக்குறைக்கு, உயிர்போன செயலுக்குச் ‘சீண்டல்’ என்று விளையாட்டுப் பெயர். 2002இல் பெண்களுக்குத் துன்பமிழைத்தலைத் தடுக்கும் சட்டம் எனப் பெயர்மாற்றம் செய்தனர். ஏட்டில் மாறிற்றே தவிர, நம் நாவில் மாறக்காணோம். நம் விடுதியிலும் அப்பழைய பெயரே வழங்குகின்றது.

சட்டம் உண்டு, தண்டனையும் உண்டு. ஆயினும் வழக்குகள் ஏன் மன்றத்தில் உதிர்ந்து போகின்றன? இதற்கு விடைதேடுவார் தென்காசிப் பேருந்து நிலைய வழக்கை அறிதல் வேண்டும். 1999 ஜூலை 9ஆம் நாள் இரவு ஏறத்தாழப் பதினொரு மணி. கணவனும் மனைவியும் பேருந்துக்குக் காத்துநின்றனர். குற்றாலச் சீசன் பாதுகாப்புக்கென அனுப்பப்பெற்ற காவலர் ஒருவர் குடித்துவிட்டு அவ்விடம் வந்து அப்பெண்மணியிடம் முறைதவறி நடந்தார் என்பது குற்றச்சாட்டு. காக்க வந்தவரே இங்ஙனம் செய்தால் வேறு யாரிடம் முறையிடுவது? எனினும் முறையிட்டனர். புதிதாய் வந்த 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழும், தண்டனைச் சட்டம் 509ஆம் பிரிவின்கீழும் வழக்குப் பதிவாயிற்று. பின்னர், தென்காசி மாஜிஸ்டிரேட்டு மன்றத்தில் சாட்சிக்கூண்டு ஏறியபோது, கணவனும் மனைவியும் முன்சொன்னதினின்று பிறழ்ந்தனர். பிறழ்சாட்சியைக் கொண்டு தண்டிப்பது எங்ஙனம்? காவலர் விடுதலையடைந்தார்.

துறை விசாரணை மட்டும் வேறு வழியிற் சென்று அவரைப் பணிநீக்கம் செய்தது. உயர்நீதிமன்றம் அந்நீக்கத்தை நீக்கிற்று. 2012 நவம்பரில் உச்சநீதிமன்றம் அதனை மீண்டும் உறுதிசெய்தது. சாட்சிகள் பிறழ்ந்தமையாற் கிடைத்த விடுதலை மாசற்ற விடுதலையாகாது என்பது அத்தீர்ப்பின் கருத்து. பேருந்து நிலையம், இரயில் நிலையம், கடற்கரை, கோயில், திரையரங்கு முதலிய இடங்களில் சாதாரண உடையில் பெண் காவலரை நிறுத்தவேண்டும் என்றும், பேருந்தில் ஒரு பெண் முறையிட்டால் ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்கே செலுத்தவேண்டும் என்றும், கல்வி நிலையத் தலைவர்கள் தம் எல்லைக்குள் தக்க ஏற்பாடு செய்யவேண்டும் என்றும் நாடு முழுமைக்கும் அம்மன்றம் கட்டளையிட்டது. நல்ல கட்டளைகளே. ஆயினும் பதின்மூன்றாண்டு கடந்தும் அவ்விரவின் குற்றத்துக்குச் சிறைத்தண்டனை என ஒன்று யாருக்கும் வாய்க்கவில்லை என்பதை மறத்தல் ஆகாது.

அக்கணவனும் மனைவியும் ஏன் பிறழ்ந்தனர்? அவர்தம் நெஞ்சத்துள் நுழைந்து பார்க்க எம்மால் ஆகாது. ஆனால் பொதுவாகச் சாட்சிகள் ஏன் பிறழ்கின்றனர் என்பதை அறிய நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. இனி எம் கதையைச் சொல்லுகின்றோம், பெருமைக்குரியதன்று.

மேற்கூறிய தோழியை ஓர் இளைஞன் நான்கு திங்களாகத் தொடர்ந்து வந்தான். காலையிற் பேருந்து நிறுத்தம். மாலையில் கல்லூரி வாயிலுக்கு எதிரேயுள்ள தேநீர்க் கடை. செல்பேசி எண்ணை எவ்வாறோ அறிந்து, ஓர் எண்ணைத் தடுத்தால் மற்றோர் எண்ணினின்று செய்தி விடுத்தான். அவள் முகத்துக்கு நேரே ‘வேண்டாம்’ என்று சொன்னதை யாம் இருவர் அருகில் நின்று கேட்டோம். அவள் காவல் நிலையம் செல்லத் துணிந்தபோது, ‘நீங்கள் கண்டதை எழுதித் தருவீர்களா?’ என வினவினாள். பருவத்தேர்வு நெருங்கிற்று, வீட்டார் அறிந்தால் விடுதியை விட்டே அழைத்துக்கொள்வர், நமக்கேன் வம்பு? இத்தனை காரணங்களையும் அடுக்கி, ‘பேசாமல் விட்டுவிடு, தானே ஓய்ந்துபோவான்’ என்று அறிவுரையும் வழங்கினோம். அவள் தாயோடு தனியே சென்றாள். நிலையத்தில் அவனை அழைத்து, இனிச் செய்யேன் என ஒரு தாளில் எழுதிவாங்கி அனுப்பிவிட்டனர். பெண்ணின் எதிர்காலத்தை எண்ணிப் பாருங்கள் என்று தாய்க்கும் சொல்லப்பட்டதாம். இரண்டு திங்கள் கழித்து அவன் மீண்டும் அதே தேநீர்க் கடையில் நின்றான். இம்முறை சிரித்துக்கொண்டு நின்றான்.

இந்த எழுதிவாங்கும் வழக்கத்தை யாம் வன்மையாக மறுக்கின்றோம். 78ஆம் பிரிவு போலீசார் தாமே பதிவுசெய்து புலன்விசாரிக்கத்தக்க குற்றம். பெண் காவல் அலுவலர் முறையீட்டைப் பதிவுசெய்ய வேண்டும் என்றும், மாஜிஸ்டிரேட்டு முன் அவளது வாக்குமூலம் பெறவேண்டும் என்றும் நடைமுறைச் சட்டம் விதிக்கின்றது. தொண்ணூறு நாளுள் விசாரணையின் நிலையை அவளுக்கு அறிவித்தல் வேண்டும் என்பதும் புதிய சட்டத்தில் உண்டு. பதிவே இல்லாத இடத்தில் இவற்றுள் எதுவும் உயிர்பெறாது. மேலும், ‘மீண்டும் மீண்டும்’ என்பது இக்குற்றத்தின் உறுப்பாதலின், முதல் முறையீடு பதிவாகாவிடின் இரண்டாம் முறையீடே முதலாவதாகத் தோன்றும். மன்னிப்புத் தாள் ஒன்று நிலையத்துப் பெட்டியில் உறங்கிக்கொண்டிருக்கும்.

பதிவானாலும் இடர் தீர்ந்தபாடில்லை. முதற்குற்றம் பிணையில் விடத்தக்கது. பிணை என்பது குற்றஞ்சாட்டப்பட்டவனின் உரிமை. அதனை யாம் பழிக்கவில்லை. ஆயின் அத்தகைய பிணையில் ‘அவ்வீதிக்குச் செல்லாதே’ எனத் தடைவிதிக்க இடமில்லாமையால், காலையில் கைதானவன் மாலையில் அதே நிறுத்தத்தில் நிற்கலாம். இங்கிலாந்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டமொன்று, காவல்துறை வேண்டினால், வழக்கு முடியுமுன்னரே ‘இவளை அணுகாதே’ என மாஜிஸ்டிரேட்டு ஆணையிட வழிசெய்துள்ளது. ஆணையை மீறுவது தனிக்குற்றம். நம் நாட்டில் குடும்ப வன்முறைச் சட்டம், 2005 இத்தகைய காப்பாணை தருகின்றது. ஆனால் அது வீட்டுறவில் உள்ளாருக்கே. வீதியில் தொடர்பவனுக்கு அது பொருந்தாது. இன்னொரு குறையும் உண்டு. பாலியல் வன்புணர்ச்சி வழக்குகளில் பெண்ணின் பெயரை வெளியிடுதல் குற்றம் என்னும் பிரிவு, பின்தொடர்தல் வழக்குக்கு நீளவில்லை. ஊர்வாய்க்கு அஞ்சும் பெண்ணுக்கு இஃது எத்துணைப் பெரிய அச்சம் என்பதைப் படிப்போர் எண்ணிக்கொள்க.

பொய்வழக்குகள் பெருகும் என்பாரும் உளர். எம் வகுப்பிலேயே இவ்வாறு வாதிட்ட நண்பர் ஒருவர் உண்டு. அவர் கூற்றை எளிதில் தள்ளிவிட யாம் விரும்பவில்லை. ஒருமுறை பார்த்தவனை, ஒருமுறை பேசியவனைச் சிறையிலிட இச்சட்டம் இடந்தரவில்லை என்பதே அவருக்கு யாம் தரும் விடை. தெளிவான மறுப்பும், அதன்பின் தொடர்ந்த செயலும் மெய்ப்பிக்கப்படவேண்டும். அவையே ஏதுமறியாதவனுக்குக் காப்பு. எனின் அவற்றை மெய்ப்பிப்பது எதைக்கொண்டு? கண்டார் சொல்லும் சாட்சியும், அழிக்காது வைத்த செய்திகளும் கொண்டே. சினங்கொண்டு செய்திகளை உடனே அழித்துவிடுவது எம் தோழியர்தம் இயல்பாயிருக்கின்றது. அவ்வாறு செய்தல் தம் வழக்கைத் தாமே அழித்தலாகும். செல்பேசியிலுள்ளதை மன்றம் ஏற்க, 2023ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு ஒரு சான்றிதழும் கேட்கின்றது. தாளில் எடுத்த படம் மட்டும் போதாது.

‘மௌனம் சம்மதம்’ என்பது நம்மவர் பழமொழி. தெளிவான மறுப்பு வேண்டும் என்று சட்டம் சொல்லுமிடத்து எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு இப்பழமொழியே படைக்கலம். அஞ்சி வாய்திறவாது விரைந்து நடந்தவளின் நடையும் மறுப்புத்தான் என்பதை மன்றத்துக்குச் சொல்ல, அருகே நடந்தவர் வேண்டும். நாயகன் நாயகியைத் துரத்தித் துரத்தி ஈற்றில் மனங்கவர்ந்தான் என்னும் திரைப்படங்களை யாமும் கைதட்டிப் பார்த்தவர்களே. அதனாலோ என்னவோ, துரத்தலைக் கண்டும் காணாததுபோல் நிற்க நம் கண் பழகிவிட்டது.

2025 ஜனவரியில் தமிழ்நாட்டுச் சட்டப்பேரவை இவ்வகைக் குற்றங்களுக்குத் தண்டனையை மிகுவிக்கும் மசோதாக்களை நிறைவேற்றியது. நோக்கத்தை யாம் வரவேற்கின்றோம். எனினும் சாட்சி வாராத வழக்கில் மூன்றாண்டும் ஒன்றே, ஏழாண்டும் ஒன்றே. ஆண்டுகளைக் கூட்டுவதற்குச் செலவிடும் முயற்சியிற் பாதியேனும், சாட்சியை ஒருநாளில் விசாரித்து அனுப்புவதற்குச் செலவிடப்பட்டால் பயன் மிகும். நான்கு முறை வந்து நான்கு முறையும் வாய்தா என்று திரும்பிய மாணவன் ஐந்தாம் முறை வருவானா? சாட்சிகளைக் காக்கும் திட்டமொன்றை 2018இல் உச்சநீதிமன்றம் ஏற்று நாடெங்கும் நடைமுறைப்படுத்தியது; அத்திட்டத்தின் பெயரையேனும் நம் கல்லூரியில் எத்தனைபேர் கேட்டிருப்பர்?

கல்லூரி செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. விளையாட்டுப் போட்டிக்குச் செல்வோர்க்கும் நாட்டு நலப்பணி முகாமுக்குச் செல்வோர்க்கும் வருகைப்பதிவு தருகின்றனர். மன்றத்துக்குச் சாட்சிசொல்லச் செல்லும் மாணவர்க்கு அந்நாள் வராதநாளாகக் குறிக்கப்படுகின்றது. அழைப்பாணையைக் காட்டினால் வருகை அளித்தல் வேண்டும் என்றும், அன்று தேர்வாயின் மறுதேர்வு வைத்தல் வேண்டும் என்றும் முதல்வர் அவர்களுக்கு விண்ணப்பம் எழுதியுள்ளோம். எம் வகுப்பினர் முப்பத்திருவர் அதில் ஒப்பமிட்டனர். பொய்வழக்குப் பற்றி வாதிட்ட நண்பரும் அவருள் ஒருவர்.

இளைஞன் திரும்பிவந்த அன்று தோழி எம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை. முன்னர் ஒருமுறை கேட்டதே போதும் என்று எண்ணினாள் போலும். யாமே அவளுடன் நடந்தோம். நிலையத்தில் இரண்டு மணிநேரம் காத்திருந்து, கண்டதையும் கேட்டதையும் நாள், இடம் குறித்துச் சொன்னோம். பெண் சார்பு ஆய்வாளர் ஒருவர் பொறுமையாகக் கேட்டு எழுதினார். முதல் தகவல் அறிக்கையின் படி தோழியின் கையில் இருக்கின்றது. மன்றத்தினின்று அழைப்பாணை இன்னும் வரவில்லை.