கொடியா, மெஷினா?

இந்தக் கிழமை எபிசோட்டில் தோய்த்து, தானே காயவும் வைக்கிற மெஷினைப் பற்றிக் கதைத்தோம். "வெயில் ஊரில டிரையர் எதுக்கு?" எண்டு கேட்பீங்கள். எங்கட வீடு பலெர்மோவில, வுச்சீரியாவில. இரவானால் கீழே ஸ்டிக்யோலா சுடுற புகை பல்கனி வரைக்கும் ஏறும். அம்மா வேலை முடிஞ்சு வந்து தோய்ச்சுக் கொடியில போடுற உடுப்பை விடிய எடுத்தால் சுட்ட ஆட்டுக்குடல் மணம். அதோடதான் அவ வேலைக்குப் போகோணும்.

அதனால என்ர ஓட்டு மெஷினுக்கு. ஆனால் வாங்க முதல் மூண்டு விசயம் பாருங்கோ.

ஒண்டு, பெரிசா எழுதியிருக்கிற கிலோ தோய்க்கிறதுக்கு மட்டும். 8 கிலோ தோய்க்கிற மெஷின் பெரும்பாலும் 5 கிலோதான் காயவைக்கும். மிச்சத்தை வெளியில எடுக்கோணும்.

ரெண்டு, 2021 மார்ச்சில இருந்து ஐரோப்பிய லேபலில் ரெண்டு எழுத்து இருக்கு: ஒண்டு தோய்க்க மட்டும், மற்றது தோய்ச்சுக் காயவைக்க. மற்றதைப் பார்த்து வாங்குங்கோ. கரண்டைக் குடிக்கிறது காயவைக்கிற வேலைதான்.

மூண்டு, இத்தாலியில் அநேகமான வீடுகளுக்கு 3 கிலோவாட் இணைப்புத்தான். காயுற நேரம் மின்சார அடுப்பையும் போட்டால் வீடே இருட்டாகும்.

பழுதானால் ரெண்டு வேலையும் ஒரேயடியா நிக்கும் எண்டதும் உண்மைதான்.

பகலில் ஆள் வீட்டில இருந்தால் கொடியே போதும், வெயிலுக்குக் காசில்லை. காயவைக்கிற பட்டன் இரவுக்கும் மழைக்கும். அம்மா மணமில்லாத உடுப்போட வேலைக்குப் போனால் சரி, பில்லை நான் கட்டுறன்.