பழகுநரைச் சோதிப்பவருக்குக் கூலி தருவது யார்?

தொழில் பழகுநர் என்றாலே நம் பேச்சு எண்ணிக்கையில் தொடங்கி உதவித்தொகையில் முடிந்துவிடுகிறது. 2019இல் விதிகள் திருத்தப்பட்டபோதும் செய்தியானவை இவைதான்: 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைச் சேர்க்க வேண்டும். மாத உதவித்தொகை 5,000 முதல் 9,000 ரூபாய் வரை. அதற்கு முன்பே, 2016இல் வந்த தேசிய ஊக்குவிப்புத் திட்டம் அந்தத் தொகையில் கால் பங்கை, 1,500 ரூபாய்க்கு மிகாமல், அரசு ஏற்கும் என்றது. உள்ளே நுழையும் வாசலைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். வெளியேறும் வாசலில் நின்று, இந்தப் பிள்ளைக்கு வேலை தெரியுமா தெரியாதா என்று பார்த்துச் சொல்லும் மதிப்பீட்டாளரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டா என்பது அவருடைய தொழில் ஞானத்தை மட்டும் பொறுத்ததல்ல. 'இவருக்கு இன்னும் வேலை பிடிபடவில்லை' என்று எழுதிவிட்டு வந்தால் அடுத்த முறையும் அவரைக் கூப்பிடுவார்களா என்பதையும் பொறுத்தது. அந்தச் சந்தேகம் மனதில் இருக்கும்வரை எந்த மனிதரும் பேனாவைத் தாராளமாகத்தான் ஓட்டுவார்.

வேலை எப்படிப்பட்டது என்று முதலில் பார்ப்போம். ஃபிட்டர் ட்ரேடில் பையன் கையில் இரும்புத் துண்டும் வரைபடமும் கொடுக்கப்படுகின்றன. ஒரு துண்டில் புடைப்பு, இன்னொன்றில் அதற்கேற்ற பள்ளம். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்த வேண்டும். ஹேக்சாவால் அறுத்து, அரத்தால் ராவி, துளை போட்டு முடித்த பிறகு மதிப்பீட்டாளர் வெர்னியர் வைத்து அளக்கிறார். ட்ரை ஸ்கொயரை விளிம்பில் வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்கிறார். ஒளிக்கீற்று கசிந்தால் ராவல் சமமில்லை. பொருத்திய இடுக்கில் ஃபீலர் கேஜின் தகடு நுழைகிறதா என்று பார்க்கிறார். இதுவரை சிக்கலில்லை. கருவி சொல்வதை எழுதிக்கொண்டால் போதும்.

கருவிக்கு எட்டாதவைதான் அவருடைய உண்மையான வேலை. ட்ரில்லிங் மெஷின் சுற்றும்போது பையன் கையுறையோடு நின்றானா? பிசிறு தட்டினானா, அல்லது அப்படியே கொண்டுவந்து நீட்டினானா? எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்ததோடு நிம்மதியடைந்தானா, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கம்பியைத் தொட்டானா? பிறகு கேள்விகள். "ஏன் தம்பி, இந்த பாயின்ட்டுக்கு மட்டும் 16 ஆம்ப் எம்சிபி?" என்று கேட்டால், "கீசர் பாயின்ட் சார், லோடு அதிகம்" என்று பெரும்பாலானவர்கள் சொல்லிவிடுவார்கள். அது மனப்பாடத்தில் கிடைக்கும் பதில். "சரி, வயர் மெலிசா இருந்தா?" என்ற இரண்டாவது கேள்வியில்தான் ஆள் தெரிவார். எம்சிபி முதலில் காப்பாற்ற வேண்டியது வயரை என்று புரிந்தவன் உடனே பேசுவான். புரியாதவன் இன்னும் பெரிய எம்சிபி போடலாம் என்பான். அப்படிப்பட்டவனிடம் சான்றிதழ் கொடுத்தால் என்றோ ஒரு நாள் யாரோ ஒருவர் வீட்டுச் சுவருக்குள் வயர் கருகும்.

முதியோர் பராமரிப்பு, விடுதி, சில்லறை விற்பனை போன்ற தொழில்களில் அந்த வெர்னியரும் கிடையாது. படுத்திருக்கும் மூதாட்டிக்கு உணவூட்டும் பெண், ஸ்பூனை நீட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை சொன்னாளா, விழுங்கி முடிக்கும்வரை காத்திருந்தாளா என்பதை மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆபத்து வந்தாலொழிய வாய் திறக்கக் கூடாது. கற்றுக்கொடுத்துப் பழகியவர்களுக்கு இந்த மௌனம் கொடுமையானது. பையன் தடுமாறும்போது பதிலை எடுத்துக்கொடுக்க நாக்கு துறுதுறுக்கும்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். முப்பது பேர் கொண்ட ஒரு பேட்ச்சை ஆறு மணி நேரத்தில் முடிக்கச் சொன்னால் தலைக்குப் பன்னிரண்டு நிமிடம். பெயர் கேட்டு, அடையாள அட்டை பார்த்து, புகைப்படம் எடுப்பதற்கே பாதி போய்விடும். இரண்டாவது கேள்விக்கு அங்கே இடமேது?

இந்தச் சிக்கலில் நீண்ட காலமாகப் புரண்டுகொண்டிருக்கும் நாடு இங்கிலாந்து. அங்கே 1986இல் தேசியத் தொழில்தகுதிக் குழு அமைந்ததிலிருந்து, மதிப்பீட்டாளர் வேலையிடத்துக்கே அவ்வப்போது போய்ப் பார்த்து, சான்றுகளைச் சேர்த்துக் கோப்பு தயாரிக்கும் முறை வேரூன்றியது. சான்று அந்தத் தகுதிக்குப் பொருந்துவதா, அந்தப் பழகுநரே செய்ததா, அண்மையதா, போதுமானதா என்று நான்கு கேள்விகளைக் கேட்க மதிப்பீட்டாளர்களுக்குப் பயிற்சியும் இருந்தது. காகிதத்தில் குறையே இல்லை. ஆனால் பல இடங்களில் மதிப்பீட்டாளருக்குச் சம்பளம் கொடுத்தது பயிற்சி நிறுவனம்; அந்த நிறுவனத்துக்குப் பணத்தில் ஒரு பகுதி வருவதோ பழகுநர் தேறினால்தான். கோப்பு தடிமனானது. தடிமனான கோப்பைப் பார்த்து வேலை தெரியும் என்று முடிவுகட்டுவது வழக்கமானது. கல்வியாளர் ஆலிசன் வுல்ஃப் 1990களிலேயே இந்த முறையின் அடிப்படையைக் கேள்வி கேட்டார்.

2012இல் தொழில்முனைவர் டக் ரிச்சர்டு அரசுக்குக் கொடுத்த அறிக்கை அதைத் தலைகீழாக்கச் சொன்னது. பயிற்சி எப்படி நடந்தது என்று கோப்பு சேர்க்க வேண்டாம், முடிவில் சோதியுங்கள், சோதிப்பவர் பயிற்றுவித்தவராக இருக்கக் கூடாது. அதிலிருந்து பிறந்ததுதான் இறுதிநிலை மதிப்பீடு. சம்பளப் பட்டியல் ஆண்டுக்கு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் முதலாளிகளிடம் 0.5 சதவீதம் வசூலிக்கும் பழகுநர் வரியும் 2017 ஏப்ரலில் வந்தது. பழகுநர் தயார் என்று முதலாளி ஒப்புக்கொண்ட பிறகே இறுதி மதிப்பீட்டுக்குள் நுழைய முடியும். அங்கே அவருக்கு முன்பின் அறிமுகமில்லாத, ஆனால் அந்தத் தொழிலில் கைபழகிய ஒருவர் காத்திருப்பார். நேரில் பார்ப்பது, எழுத்துத் தேர்வு, செய்த வேலையைப் பற்றிய உரையாடல் எனப் பல வழிகளில் சோதித்துத் தரவரிசை தருவார். பயிற்சிக்கான தொகையில் 20 சதவீதம் இறுதிக் கட்டம்வரை நிறுத்திவைக்கப்பட்டது. மதிப்பீட்டாளருக்கு 'இல்லை' என்று சொல்லும் அதிகாரம் முதன்முறையாக முழுமையாகக் கிடைத்தது.

கிடைத்தது என்று எழுதிவிட்டேன். பணம் வந்த வழியைப் பார்த்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. மதிப்பீட்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பவர் முதலாளி. அதற்கான பணத்தை எண்ணிக் கொடுப்பது பயிற்சி நிறுவனம். ஆக, ஒரே வேலைக்குப் பல மதிப்பீட்டு நிறுவனங்கள் போட்டியிடும் சந்தை ஒன்று உருவாகிவிட்டது. கண்டிப்பான நிறுவனத்தைக் கழற்றிவிட்டு இணக்கமானதிடம் போவதைத் தடுக்க மேற்பார்வை அமைப்புகள் இருந்தன. ஆனாலும் கதவு சாத்தப்படவில்லை. சிறிய தொழில்களிலோ வேறு தொல்லை: போட்டி இல்லை, ஆளே இல்லை. மதிப்பீட்டாளர் கிடைக்காமல் பழகுநர்கள் காத்துக்கிடந்தார்கள். காத்திருக்கும் நேரத்தில் நிரந்தர வேலை கிடைத்தவர்களில் சிலருக்குத் தேர்வுக்கு வரும் அக்கறையே போய்விட்டது. 2025க்குள் 67 சதவீதம் பழகுநர்கள் வெற்றிகரமாக முடிக்க வேண்டும் என்று அரசு இலக்கு வைத்திருந்தது. 2023–24இல் அந்த விகிதம் 60ஐச் சற்றே தாண்டியிருந்தது. இடையில் நின்றுபோனவர்களும் அதில் அடக்கம் என்பதால் முழுப் பழியையும் இறுதித் தேர்வின் தலையில் போட முடியாது. ஆனால் பழி போட வசதியான இடமாக அது இருந்தது.

2025 பிப்ரவரியில் அரசு பின்வாங்கியது. மதிப்பீட்டின் ஒரு பகுதியைப் பயிற்சிக்காலத்திலேயே நடத்தலாம். சில பகுதிகளைப் பயிற்சி நிறுவனமே செய்யலாம். வேலையிடத்து நடத்தையை முதலாளியே உறுதிசெய்யலாம். எல்லாத் திறனையும் தனித்தனியே சோதிக்க வேண்டியதில்லை என்றெல்லாம் அறிவிப்பு வந்தது. பழகுநர் காலத்தின் குறைந்தபட்ச அளவும் 12 மாதத்திலிருந்து எட்டு மாதமாகக் குறைக்கப்பட்டது.

பின்வாங்கியவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. ஓராண்டு அருகிலிருந்து பார்த்த பயிற்றுநருக்குத் தெரிந்ததில் பாதிகூட, ஒரு நாள் வந்துபோகும் வெளியாளுக்குத் தெரியாது. பதற்றத்தில் கை நடுங்கும் நல்ல தொழிலாளியும் உண்டு. தேர்வு நாளில் மட்டும் ஜொலிக்கும் அரைகுறையும் உண்டு. உண்மைதான். பயிற்றுநரின் மதிப்பீடு பழகுநருக்கு நாள்தோறும் வேண்டும். எங்கே சரிசெய்ய வேண்டும் என்று சொல்ல அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. சான்றிதழோ பழகுநருக்காக மட்டும் எழுதப்படுவதல்ல. நாளை அவரை வேலைக்கு வைக்கப்போகிற, வீட்டுக்குள் விடப்போகிற மூன்றாம் மனிதருக்காக எழுதப்படுவது. அந்த மூன்றாம் மனிதர் சார்பில் பேசுபவர் பயிற்சிக் கட்டணத்தில் பங்குள்ளவராக இருக்கக் கூடாது. காத்திருப்பு பிரச்சினையென்றால் மதிப்பீட்டாளர்களைப் பெருக்கியிருக்க வேண்டும். பேனாவைப் பயிற்சி நிறுவனத்திடமே திருப்பிக் கொடுத்தது சோம்பேறித்தனமான தீர்வு என்பது என் கணிப்பு.

ஜெர்மனி இந்த முடிச்சை வேறு விதமாக அவிழ்த்தது. 1969ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டப்படி ஒவ்வொரு தேர்வுக் குழுவிலும் குறைந்தது மூன்று பேர். முதலாளிகள் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில். கூடவே தொழிற்பள்ளி ஆசிரியர் ஒருவர். இது கௌரவப் பணி. செலவையும் இழந்த நேரத்தையும் ஈடுசெய்வார்கள். அதை நம்பி யாரும் பிழைப்பதில்லை. உலோகம், மின்சாரம் சார்ந்த தொழில்களுக்கு ஸ்டுட்கார்ட்டில் உள்ள தொழில் வர்த்தக அவையின் பிரிவு ஒன்று வினாக்களைத் தயாரித்து நாடு முழுவதற்கும் அனுப்புகிறது. தன் தொழிலின் மானத்தைக் காக்க வார நாளில் லீவு போட்டுவிட்டு வரும் மூத்த தொழிலாளிதான் அங்கே மதிப்பீட்டாளர். இதை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. எல்லா நிறுவனங்களும் கட்டாய உறுப்பினராக இருக்கும் அவைகளும், பேசும் வலுவுள்ள தொழிற்சங்கங்களும் அதற்குப் பின்னால் நிற்கின்றன.

நம் பக்கம் வருவோம். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் 21ஆவது பிரிவு, பயிற்சி முடித்த ட்ரேடு பழகுநர் ஒவ்வொருவரும் தேசியக் குழு நடத்தும் தேர்வை எழுதியே ஆக வேண்டும் என்றது. 2014இல் வந்த திருத்தம் அதை விருப்பத் தேர்வாக்கியது. எழுத விரும்புகிறவர் எழுதலாம். பட்டதாரி, டிப்ளமோ பழகுநர்களுக்கு வெளித்தேர்வே கிடையாது. முன்னேற்றத்தை முதலாளி பார்க்கிறார், மண்டல வாரியம் சான்றிதழ் தருகிறது. தென் மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. பொறியியல் படித்துவிட்டு ஓராண்டு பழகுநராகப் போகும் பிள்ளைகளில், தான் கற்றதை அந்த நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் செய்துகாட்டும் வாய்ப்பைப் பெற்றவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

2014 திருத்தம் கொண்டுவந்த விருப்பத் தொழில்களில் பாடத்திட்டத்தை நிறுவனமே வகுக்கலாம். இங்கே துறைவாரித் திறன் குழுக்களும் அவை அமர்த்தும் மதிப்பீட்டு நிறுவனங்களும் வருகின்றன. இந்தக் குழுக்களை ஆராய 2016இல் அமைக்கப்பட்ட சாரதா பிரசாத் குழு, பயிற்சி, மதிப்பீடு, சான்றிதழ், பணம் எல்லாம் ஒரே வட்டத்துக்குள் சுற்றுவதால் வரும் நலன் முரணைக் கடுமையாகவே சுட்டிக்காட்டியது. பின்னர் 2018இல் தேசிய தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் குழுமம் உருவாக்கப்பட்டு, மதிப்பீட்டு நிறுவனங்களுக்குத் தனி அங்கீகாரம் வந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் சான்றளிக்கும் அமைப்பே மதிப்பீட்டையும் நடத்திக்கொள்ளும் இரட்டை அங்கீகாரத்துக்கும் அதே குழுமத்தில் இடம் உண்டு. களத்துக்குப் போகிறவர் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கூலி வாங்குபவர்.

மதிப்பீட்டாளர் வந்துவிடக் கூடாது என்று சிலர் விரும்புவதற்கு வலுவான காரணம் இன்னொன்று உண்டு. அவர் பையனை மட்டும் சோதிப்பதில்லை. ஸ்ரீபெரும்புதூரிலோ ஓசூரிலோ ஓர் அசெம்ப்ளி லைனில் ஆண்டு முழுவதும் ஒரே போல்ட்டை முடுக்கிக்கொண்டு நின்ற பழகுநர் தேர்வுக்கு வந்தால், ஐந்து நிமிடத்தில் குட்டு உடைந்துவிடும். "லேத்துல எவ்வளவு நாள் நின்னே?" என்ற சாதாரணக் கேள்வி போதும். பழகுநர் என்ற பெயரில் குறைந்த கூலிக்கு ஆள் பிடித்திருக்கிறார்கள் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சியம் தேவையில்லை. தொழிற்சாலை ஆய்வாளர்கூட இயந்திரத்தையும் பதிவேட்டையும்தான் பார்ப்பார். பழகுநருக்கு எதையாவது கற்றுக்கொடுத்தார்களா என்று கேட்பதையே வேலையாகக் கொண்ட வெளியாள் மதிப்பீட்டாளர் ஒருவர்தான்.

ஆனால் அவர் கண்டதை எழுத நம் படிவத்தில் இடமில்லை. பழகுநரின் பெயருக்கு எதிரே தேர்ச்சியில்லை என்று விழும். அவனை ஓராண்டு வைத்திருந்த நிறுவனத்தின் பெயருக்கு எதிரே எதுவும் விழாது. கற்றுக்கொடுக்காதவரின் தோல்வியைக் கற்கக் கிடைக்காதவன் சுமக்கிறான். மனசாட்சியுள்ள மதிப்பீட்டாளர்கள் இந்த இடத்தில் இளகிப் போய் மதிப்பெண் போட்டுவிடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த இரக்கத்தால் லாபமடைவது நிறுவனம் என்பதை மட்டும் சொல்வேன்.

மாற்ற வேண்டியது அவரை அழைப்பவரும் அவருக்குப் பணம் கொடுப்பவரும். எந்தத் தொழிற்சாலைக்கு யார் போவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யலாம். பயிற்சி நிறுவனத்துக்கோ முதலாளிக்கோ அதில் வாய்ப்புக் கொடுக்கக் கூடாது. கூலியைத் தலைக்கணக்கில் கொடுக்காமல் நாள் கணக்கில், பொதுநிதியிலிருந்து கொடுக்கலாம்; அப்போது எத்தனை பேர் தேறினார்கள் என்பது அவர் சட்டைப்பையைத் தொடாது. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, திருச்சி பெல், ஆவடி ஆலைகள் போன்ற இடங்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற, தொழில் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. அவர்களுக்குச் சில வாரம் மதிப்பீட்டுப் பயிற்சி கொடுத்தால் போதும்; வாயை மூடிக்கொண்டு பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் அதில் கடினமான பாடமாக இருக்கும். 2014க்கு முன் இருந்ததுபோல் தேர்வைக் கட்டாயமாக்கச் சட்டத்தைத் திருத்த வேண்டும். பட்டதாரிப் பழகுநர்களையும் அதற்குள் கொண்டுவர வேண்டும்.

அதற்கு நாடாளுமன்றம் மனம் வைக்க வேண்டும். அதுவரை ஒன்றைச் செய்ய யாருடைய அனுமதியும் தேவையில்லை. பழகுநர்களின் ஒப்பந்தங்கள் இப்போதே அரசின் இணையதளத்தில்தான் பதிவாகின்றன. எந்த நிறுவனம் எத்தனை பேரைச் சேர்த்தது, அவர்களில் எத்தனை பேரைத் தேர்வுக்கு அனுப்பியது, எத்தனை பேர் தேறினார்கள் என்ற மூன்று எண்களை நிறுவனத்தின் பெயரோடு ஆண்டுதோறும் அதே தளத்தில் வெளியிடலாம்.