மூடுபனியைத் தூய காற்றென்று நம்பலாமா?

மார்கழி, தை மாதங்களின் விடியற்காலைக் காற்று உடலுக்கு நல்லது என்னும் நம்பிக்கை நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. புகையறியாத சிற்றூருக்கு அது பொருந்தலாம். வாகனப் புகையும் குப்பை எரிக்கும் புகையும் நிறைந்த நகரத்தில், ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதய நோய் ஆகியவை உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்பதே என் கருத்து.

மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்திவலைகளின் கூட்டம். 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரப் பாத்திரத்தில் ஒரு லிட்டர் நீரை நிரப்பினால், காற்றைத் தொடும் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் மட்டுமே. அதே நீர் 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள திவலைகளாகச் சிதறினால், அந்தப் பரப்பு 600 சதுர மீட்டராக விரிகிறது; அதாவது 60,000 மடங்கு.

இத்துணைப் பெரிய பரப்பு வெறுமனே இருப்பதில்லை. நிலக்கரிப் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடு திவலையில் கரைந்து, சல்பேட்டாக மாறுகிறது. நீரில் எளிதில் கரையாத, எண்ணெய்த் தன்மையுள்ள புகைமூலக்கூறுகள் சில உள்ளே இறங்காமல் திவலையின் மேற்பரப்பிலேயே தங்குகின்றன. அங்கே ஓசோன் அவற்றைச் சந்தித்துப் புதிய சேர்மங்களை உண்டாக்குகிறது. வெயில் ஏறும்போது நீர் ஆவியாகிவிடும். சல்பேட் போன்றவை ஆவியாகாமல் நுண்துகள்களாகக் காற்றில் எஞ்சும். 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த துகள்கள் நுரையீரலின் காற்றுநுண்ணறைகள் வரை செல்ல வல்லவை.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டனைச் சூழ்ந்த புகைப்பனி இதற்குக் கொடிய சான்று. சுமார் 4,000 பேர் இறந்ததாக அன்று கணக்கிடப்பட்டது. பிற்கால ஆய்வுகள் அத்தொகையைச் சுமார் 12,000 என மதிப்பிட்டன. முதியோரும் நெஞ்சுநோய் உடையோருமே பெரிதும் பாதிக்கப்பட்டனர். 1956இல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் இயற்றியது. நம் சென்னையிலும் போகி விடியலில் பனியோடு புகை கலந்து கண்ணை மறைப்பதை அறிவோம்.

“நாள்தோறும் நடக்குமாறு மருத்துவரே கூறியிருக்கிறாரே!” என்று சிலர் கேட்கக்கூடும். நடைப்பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. நேரத்தை மாற்றினாலே போதும். குளிர்காலையில் நிலத்தையொட்டிய காற்று மேலெழாமல் தேங்கி நிற்கும்; புகையும் அதனுடன் தேங்கும். வெயில் நன்கு ஏறி நிலம் சூடான பின்னரே காற்று மேலெழுந்து கலந்து, மாசு குறையத் தொடங்கும். ஆகவே பனி விலகியவுடன் புறப்படாமல் சற்றுப் பொறுத்திருப்பதே நன்று. விரைந்து நடக்கையில் வாயால் மூச்சு வாங்குகிறோம். மூக்கு தடுத்து நிறுத்தியிருக்கக்கூடிய மாசும் அப்போது உள்ளே செல்லும். துணி முகக்கவசம் நுண்துகளைப் போதிய அளவு தடுக்காது. என்95 கவசம் துகள்களைத் தடுக்கும், வாயுக்களைத் தடுக்காது. மூச்சுத்திணறல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே அதை அணிய வேண்டும். இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். வழக்கத்தைவிட இளைப்பு மிகுந்தால் காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

எனினும், முழுப் பொறுப்பையும் நோயாளியின் மேல் சுமத்துவது நியாயமன்று. சன்னலை அடைத்துக்கொண்டு எத்தனை நாள் வாழ முடியும்? தெருமுனையில் டயரையும் நெகிழிப் பையையும் கொளுத்துபவருக்கு, அடுத்த வீட்டில் ஒருவர் ஆக்சிஜன் உதவியுடன் படுத்திருப்பது தெரியாமல் இருக்கலாம். அதைத் தெரிவிக்க நோயாளியின் குடும்பத்தார் தயங்க வேண்டாம். அது சண்டையன்று; ஓர் உயிருக்காக விடுக்கும் வேண்டுகோள். பனியை நம்மால் தடுக்க இயலாது. அதில் கலக்கும் புகையைக் குறைக்க இயலும்.